மண்டபம் பக்கத்து இறால் கம்பெனியில் ஐ.டி. சப்போர்ட்: விடியக்காலையில் மட்டும் தப்பாகக் காட்டும் ஸ்கேடா திரை

கேட்டவர்: உச்சிப்புளிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சு, சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஹெல்ப்டெஸ்க்கில் இருந்தேன். பாஸ்வேர்டு ரீசெட், பிரிண்டர், வி.பி.என்., இவ்வளவுதான் வேலை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது மண்டபம் பக்கத்தில் இறாலும் கணவாயும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் ஐ.டி. சப்போர்ட். ஆபீஸ் கம்ப்யூட்டர், எடை மெஷின், லேபிள் பிரிண்டர் எல்லாம் என் பொறுப்பு. கூடவே கோல்டு ஸ்டோரேஜ் வெப்பநிலையைத் திரையில் காட்டிப் பதிவு செய்கிற ஸ்கேடா கம்ப்யூட்டரையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பி.எல்.சி. (சென்சாரைப் பார்த்து மெஷின்களைத் தானாக இயக்குகிற கன்ட்ரோலர்) என்றால் என்னவென்றே இங்கே வந்துதான் பார்த்தேன்.

பிரச்சினை இது. தை பிறந்ததிலிருந்து இரண்டாம் நம்பர் ஸ்டோரேஜ் வெப்பநிலை திரையில் தப்பாக வருகிறது. பகலெல்லாம் மைனஸ் 20 என்று ஒழுங்காக நிற்கும். விடியக்காலை மூணு மணி வாக்கில் மெதுவாக இறங்கி மைனஸ் 23, 24 வரை போகும். வெயில் ஏறினதும் மைனஸ் 18க்கு வந்து, அப்புறம் பழையபடி 20. குளிரூட்டுகிற அமோனியா மெஷின்கள் இருக்கிற ரூமின் ஆப்பரேட்டர் அண்ணன், "அது பொய் தம்பி, உள்ள போயி கைத்தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துட்டேன், அவ்வளவு குளிரே இல்ல" என்கிறார். ஸ்கேடா போட்டுக் கொடுத்த ஏஜென்சியோ போனிலேயே, "கம்ப்யூட்டர் பழசு, சாஃப்ட்வேரை ரீஇன்ஸ்டால் பண்ணுங்க" என்று முடித்துவிட்டார்கள். அது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். ஆபீஸ் சுவிட்சிலேயே செருகியிருக்கிறது, இன்டர்நெட்டும் வருகிறது. மேனேஜர் புதுசு வாங்கி விண்டோஸ் 11 போட்டுவிடு என்கிறார்.

ரீஇன்ஸ்டால் செய்யவா, புதுசாக மாற்றவா, இல்லை வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? இந்த வேலைக்கு நான் என்னென்ன படிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். இதை நல்லபடியாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பதில்: கீழக்கரை இன்ஸ்ட்ருமென்ட்

தம்பி, அந்தக் கம்ப்யூட்டர்ல இப்ப கையை வைக்காதீங்க. ரீஇன்ஸ்டால் வேணாம், ரீஸ்டார்ட்டும் வேணாம். ஹெல்ப்டெஸ்க்ல முதல் மருந்து ரீஸ்டார்ட். பிளான்ட்ல அது கடைசி மருந்து. அந்தத் திரைக்குப் பின்னால கம்ப்ரசர் ஓடுது, அமோனியா ஓடுது, டன் கணக்குல சரக்கு கிடக்குது.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா. ஐஸ் கம்பெனியில பேனல் வயரிங்ல ஆரம்பிச்சு, இப்ப தொண்டியிலேருந்து பாம்பன் வரைக்கும் மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனி, ஆர்.ஓ. பிளான்ட்டுகளுக்கு பி.எல்.சி., ஸ்கேடா வேலை பாக்குறேன். நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமாப் பட்டது ரெண்டு. ஒண்ணு, விடியக்காலையில மட்டும் வருது, வெயில் வந்ததும் போயிடுது. இன்னொண்ணு, உள்ளதைவிடக் குளிராக் காட்டுது. சாஃப்ட்வேருக்குப் பனியும் வெயிலும் தெரியாது.

கம்ப்யூட்டர் மேல தப்பு இருக்கா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம். நாளைக்கு விடியக்காலை நாலு மணிக்குப் போங்க. பேனல் கதவுல பி.எல்.சி.யோட நேராப் பேசுற ஒரு சின்ன எச்.எம்.ஐ. திரையோ கன்ட்ரோலர் டிஸ்ப்ளேயோ இருக்கும். அதுலயும் மைனஸ் 23ன்னு வருதா பாருங்க. ரெண்டுலயும் ஒரே எண் வந்தா, கம்ப்யூட்டர் தனக்கு வந்ததை அப்படியே காட்டுதுன்னு அர்த்தம். கோளாறு அதுக்கு முன்னாலயே இருக்கு. விண்டோஸ் 11 போட்டாலும் இதே மைனஸ் 23தான் புதுத் திரையில வரும்.

என் சந்தேகம் ஜங்ஷன் பாக்ஸ் மேல. ஸ்டோரேஜ் சுவத்துக்கு வெளியில, சென்சார் வயரும் பேனல் கேபிளும் சேருற பெட்டி. நம்ம கடலோரத்துல காத்தோட வர்ற உப்பு அந்த டெர்மினல் மேல மெல்லிசாப் படிஞ்சு கிடக்கும், கண்ணுக்குக்கூடத் தெரியாது. பகல்ல காஞ்சிருக்கிறவரைக்கும் ஒண்ணும் செய்யாது. காத்துல ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானா ஈரத்தை இழுத்துக் கரைஞ்சிடும், உப்புத்தண்ணி ஆயிடும். உப்புத்தண்ணியில கரண்ட் பாயும். தை மாசிப் பனியில மூணு மணிக்கு மேல அந்த ஈரப்பதம் சர்வசாதாரணம். வெயில் வந்தா மறுபடி காஞ்சிடும். உங்க திரை காட்டுற நேரக்கணக்கு இதோட அப்படியே பொருந்துது.

ஏன் குளிராக் காட்டுதுன்னா, உங்க சென்சார் அநேகமா பி.டி.100, வெப்பநிலைக்கு ஏத்த மாதிரி மின்தடை மாறுற பிளாட்டினம் சென்சார். பூஜ்யம் டிகிரியில 100 ஓம். ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் 0.39 ஓம் அளவுக்குக் குறையும். மைனஸ் 18ல 93 ஓம்முக்குப் பக்கம். ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல உப்புத்தண்ணி பாலம் போட்டா அது சென்சாரோட இணையாச் சேர்ந்து மொத்த ஓம்மைக் குறைச்சிடும். 22,000 ஓம் கசிவு இருந்தாலே ஒரு டிகிரி குளிராக் காட்டும். 6,000 ஓம்முக்கு இறங்கினா மூணரை டிகிரி. வெறும் துருவா இருந்தா ஓம் கூடி, சூடாக் காட்டும். மூணு வயர் இணைப்புல, வயரோட சொந்தத் தடையைக் கழிக்கிறதுக்காக இருக்கிற ஈடுகட்டுற வயர் பக்கம் துரு வந்தா அதுவும் குளிராக் காட்டும், ஆனா துருவா இருந்தா எட்டு மணிக்கு வெயிலைப் பாத்து ஓடாது.

தம்பி, இங்கதான் நீங்க கவனமா இருக்கணும். திரையில மட்டும் தப்பா வந்தா சமாளிக்கலாம். அதே சென்சாரை நம்பித்தான் பி.எல்.சி. அமோனியா போற சொலினாய்டு வால்வை (கரண்ட்ல திறந்து மூடுறது) அடைக்குதான்னு ஆப்பரேட்டர்கிட்ட கேளுங்க. அப்படின்னா, விடியக்காலையில அது "போதும், குளிர்ந்துடுச்சு"ன்னு வால்வை அடைக்கும், ரூம் உள்ளுக்குள்ள சூடாகிட்டே இருக்கும். அலாரமும் அடிக்காது, ஏன்னா திரையில எண் நல்லாத்தான் இருக்கு. வெயில் வந்ததும் மைனஸ் 18ன்னு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது பாதி குணமான எண் இல்ல. ரூமோட உண்மையான வெப்பநிலை அதுதான்னு நினைக்கிறேன். ஆப்பரேட்டர் அண்ணன் சொல்றது சரி. அவர் மீட்டரை நம்புங்க.

சோதனைக்கு 100 ஓம், 0.1 சதவீதத் துல்லிய ரெசிஸ்டர் ரெண்டு மூணு வாங்கிக்கங்க. விலை பெருசா இருக்காது, ஆனா ராம்நாட்ல தேடி அலையாதீங்க, மதுரையிலேருந்து வரவழைங்க. விடியக்காலையில, ஆப்பரேட்டர்கிட்ட சொல்லி ரெண்டாம் நம்பர் ரூமை மேனுவல்ல போடச் சொல்லிட்டு, சென்சார் கேபிளைப் பேனல் முனையில கழட்டி அங்க ரெசிஸ்டரை மாட்டுங்க. பூஜ்யம் காட்டணும். காட்டினா பி.எல்.சி. கார்டு நல்லா இருக்கு. அப்புறம் கேபிளை மறுபடி மாட்டிட்டு, பாக்ஸ்ல சென்சாரை மட்டும் கழட்டி அங்க ரெசிஸ்டரை வைங்க. இப்ப பூஜ்யத்துக்குக் கீழ மூணு, நாலு காட்டினா குற்றவாளி பாக்ஸ் இல்லன்னா கேபிள். அங்கயும் பூஜ்யம்தான்னா சென்சார் தலைக்குள்ளேயே ஈரம். மேனுவல்ல போடாம கழட்டாதீங்க. வயர் கழண்டதும் பி.எல்.சி. என்ன முடிவெடுக்கும்னு அந்த புரோகிராம் எழுதினவருக்குத்தான் தெரியும்.

சுத்தம் பண்ணும்போது நிறையப் பேர் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளிச்சுட்டு வந்துடுறாங்க. உப்பு அதுல சரியாக் கரையாது. சப்ளையை நிறுத்திட்டு முதல்ல டிஸ்டில்டு வாட்டர்ல தொட்டுக் கழுவணும், அப்புறம் ஆல்கஹால்ல துடைச்சுக் காய வைக்கணும். குழாய்த்தண்ணி ஆகவே ஆகாது, நம்ம ஊர்த் தண்ணியிலயே உப்பு. உங்க இடத்துல அமோனியாவும் இருக்கு. செம்பும் பித்தளையும் அமோனியாவுக்கு ஆகாது, பச்சை படிஞ்ச டெர்மினல் இருந்தா மாத்திடுங்க.

இந்தக் காத்தை லேசா எடுத்துக்காதீங்க. காரைக்குடி சிக்ரி, அதாவது மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் அரிச்சுப்போற அரிமானத்தை ஆராய மண்டபத்தைத் தேடி வந்து நிலையம் வச்சது சும்மா இல்ல. 1914ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், அரிமானம் முத்திப்போயி 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்த வேண்டியதாச்சு. அந்தக் காத்துதான் உங்க பேனல் ஃபேன் வழியா உள்ள போகுது. ஃபேன் ஓடுற பேனலா, சீல் பண்ணின பேனலான்னு பாருங்க. ஃபேன் இருந்தா அது குளிர்ச்சியோட உப்பையும் சேத்து ஊதிட்டு இருக்கு. "சூடாகுது"ன்னு பேனல் கதவைத் திறந்து போட்டு வைக்கிற பழக்கம் எந்த வைரஸையும்விடக் கெடுதல். அதை முதல் வாரத்துலயே நிறுத்துங்க.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வர்றேன். அவசரம் அதை மாத்துறது இல்ல, ஆபீஸ் நெட்வொர்க்லேருந்து பிரிக்கிறது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோட பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திடுச்சு. 2017 மே மாசம் ஃபைலையெல்லாம் பூட்டிட்டுக் காசு கேட்ட வான்னாக்ரை வைரஸ் வந்தப்ப, அதுக்கான பேட்ச் மார்ச்லயே வெளியாகியிருந்தும் போடாத மெஷின்கள்தான் மாட்டிச்சு. டேலி ஓடுற கம்ப்யூட்டர்ல எவரோ மெயில்ல வந்த ஃபைலைத் திறந்தா, அதே சுவிட்ச்ல இருக்கிற ஸ்கேடா வரைக்கும் போக வழி திறந்தே கிடக்கு. தனி சுவிட்ச், நடுவுல ஒரு ஃபயர்வால், இன்டர்நெட் கிடையாது. ஏஜென்சிக்காரங்க ரிமோட்ல வரணும்னா கேட்டுட்டு வரட்டும், வேலை முடிஞ்சதும் கேபிளைக் கழட்டுங்க. கேபிளைப் பிரிக்கிறதுக்கு முன்னால பி.எல்.சி., எடை மெஷின், லேபிள் பிரிண்டர் எதெல்லாம் அந்த சுவிட்ச் வழியாப் பேசுதுன்னு ஒரு தாள்ல வரைஞ்சுக்கங்க. பெரும்பாலான கம்பெனியில அந்தப் படமே கிடையாது, நீங்க வரையுறதுதான் முதல் படமா இருக்கும்.

அடுத்தது, ஹார்டு டிஸ்க்கை முழுசா இமேஜ் (அப்படியே நகல்) எடுத்து ரெண்டு இடத்துல வைங்க. பி.எல்.சி. புரோகிராம் உங்க கம்பெனி கையில இருக்கா, ஏஜென்சி லேப்டாப்ல மட்டும் இருக்கான்னு கேளுங்க. பழைய மாடல் சிலதுல புரோகிராம் பேட்டரி தயவுல நிக்கும். பேட்டரி செத்த நேரத்துல கரண்ட் போனா புரோகிராமும் போயிடும். அந்த மாதிரி மாடல்ல பேட்டரியை சப்ளை இருக்கும்போதுதான் மாத்தணும், ஆனா முதல்ல அந்த மாடலோட மேனுவலைப் படிங்க.

எப்ப நிறுத்தலாம்னு கேலண்டரைப் பாக்காதீங்க, கடலைப் பாருங்க. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். மறுநாள் காலையில சரக்கு இறங்கும். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில லேபிள் பிரிண்டரைக்கூட அப்டேட் பண்ணப் போகாதீங்க. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். பிராசசிங் ஹால் ஓய்வா இருக்கும், பெரிய வேலை எல்லாம் அப்பத்தான். ஸ்டோரேஜ் மட்டும் அப்பவும் நிக்காது.

படிப்புன்னு கேட்டீங்க. பி.எல்.சி. புரோகிராமை ஏணி மாதிரி வரையுற லேடர் படிக்கக் கத்துக்கங்க, எழுதக்கூட வேணாம். சென்சார் அளவைக் கரண்டா அனுப்புற 4-20 மில்லியாம்ப், மெஷின்கள் பேசிக்கிற ஆர்.எஸ்.485 வயரிங், அதுல பேசுற மோட்பஸ் மொழி, இந்த மூணும் தெரிஞ்சா இந்தக் கடற்கரையில பாதிப் பிரச்சினையைக் கண்டுபிடிச்சிடலாம். மல்டிமீட்டரை நம்பிக்கையாப் பிடிக்கத் தெரியணும். அமோனியா ரூமுக்குள்ள தனியாப் போகாதீங்க. வாசனை வந்தா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துக் குறுக்கால வெளியேறுங்க. ஆப்பரேட்டரோட ஒரு ராத்திரி ஷிப்ட் உக்காருங்க. கம்ப்ரசர் சத்தம் மாறினா அவருக்குத் தெரியும், அதுக்கப்புறம்தான் திரைக்குத் தெரியும்.

பதில்: தங்கச்சிமடம் தரக்கட்டுப்பாடு

நான் கடல் உணவுக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே உங்கள் தரக்கட்டுப்பாட்டு ஆட்களிடம் போய்ச் சொல்லுங்கள். தை மாதத்திலிருந்து இரண்டாம் நம்பர் ரூமின் விடியக்காலைப் பதிவு நம்பத்தகுந்ததல்ல என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். உறைந்த சரக்கு மைனஸ் 18லோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கென்றால் ஸ்டோரேஜ் வெப்பநிலைப் பதிவை ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பார்கள். அவர்கள் இப்போதே பெட்டியைத் திறந்து சரக்கின் நடுவெப்பநிலையைப் பார்த்துக் குறித்து வைத்தால், என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று காட்ட முடியும். வெளியில் யாரோ கண்டுபிடித்துச் சொன்னால் கன்டெய்னரே திரும்பி வரும். அந்தச் சரக்கைத் தோல் உரித்துச் சுத்தம் செய்த பெண்களின் கூலியும் அதில்தான் இருக்கிறது.

பழைய பதிவை யாரும் "சரி" செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான எண்ணாக இருந்தாலும் அது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் காரணம் எழுதலாம். ஆப்பரேட்டர் கையால் எழுதுகிற ரிஜிஸ்டர் இருந்தால் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் விசாரணைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நெட்வொர்க்கிலிருந்து பிரித்தபிறகு கம்ப்யூட்டரின் கடிகாரத்தை மறந்துவிடாதீர்கள். இன்டர்நெட் இல்லாவிட்டால் நேரம் மெல்ல விலகும். திரையில் 4.10, ரிஜிஸ்டரில் 3.55 என்று இருந்தால் எந்தப் பதிவை நம்புவது? வாரம் ஒரு நாள் சரிபார்த்து, சரிபார்த்ததை எழுதி வையுங்கள்.

பதில்: வாலிநோக்கம் உப்புக்காத்து

கீழக்கரை அண்ணன் சொன்ன கசிவு விஷயம் நூத்துக்கு நூறு சரி. எங்க பக்கம் உப்பளத்து பம்ப் பேனல்கள்ல இதே கதைதான், வெப்பநிலைக்குப் பதிலா லெவல் சிக்னல் ஆடும்.

ஆனா "கம்ப்யூட்டரை மாத்துறது அவசரமில்ல"ங்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. மதர்போர்டும் அதே உப்புக்காத்தைத்தான் குடிக்குது. பழைய போர்டுல சீரியல் போர்ட் இருக்கும், அது செத்தா அதே மாதிரி போர்டு இன்னிக்குக் கிடைக்காது. ஸ்கேடா லைசென்ஸ் ஒரு யு.எஸ்.பி. சாவியில இருக்கும், அது துருப்பிடிச்சா ஏஜென்சி கேக்குற விலையைக் குடுக்கணும். இமேஜ் எடுத்தா மட்டும் போதாது. அந்த இமேஜ் வேற ஒரு மெஷின்ல உண்மையிலேயே எழும்புதான்னு தடைக்காலத்துக்குள்ள ஓட்டிப் பாத்தாகணும். புது ஃபேன்லெஸ் இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டர்ல, ஏஜென்சியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, பழசையும் புதுசையும் கொஞ்ச நாள் ஒண்ணா ஓட்டி, அப்புறம் மாறுங்க. மேனேஜர் காசு தர்றேன்னு சொல்லும்போதே வாங்கிக்கங்க தம்பி, அந்த மனசு அடுத்த வருஷம் இருக்காது.

ஜங்ஷன் பாக்ஸுக்கு 304 ஸ்டெயின்லெஸ் வாங்கிடாதீங்க, கடலோரத்துல பழுப்புப் புள்ளி விழுந்துடும். 316 வாங்கணும், இல்லன்னா நல்ல பாலிகார்பனேட் போதும்.

பதில்: கீழக்கரை இன்ஸ்ட்ருமென்ட்

வாலிநோக்கம் தம்பி சொல்றதை ஒத்துக்கிறேன், தடைக்காலத்துல மாத்துறது நல்ல திட்டம். நான் சொல்றது வரிசை. முதல்ல சென்சார், அப்புறம் நெட்வொர்க், அப்புறம் இமேஜ், அதுக்கப்புறம் புது மெஷின். சென்சாரை விட்டுட்டுப் புது மெஷின் வாங்கினா, காசு செலவானதுக்கப்புறமும் மைனஸ் 24 வரும், மேனேஜர் உங்களைத்தான் கேப்பார்.

பதில்: உச்சிப்புளிக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று விடியக்காலை ஆப்பரேட்டர் அண்ணனோடு போய்ப் பார்த்தேன். பேனல் திரையிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே எண். ரூமை மேனுவலில் போட்டுவிட்டு ரெசிஸ்டரை மாட்டினோம். பேனல் முனையில் 0.1 காட்டியது. ஜங்ஷன் பாக்ஸில் வைத்ததும் மைனஸ் 3.6. பாக்ஸ் மூடியின் ரப்பர் ஒரு பக்கம் வெடித்திருந்தது. கேபிள் மேலிருந்து உள்ளே போகிறது. டெர்மினல் விரலுக்கே ஈரமாக இருந்தது. சொலினாய்டு வால்வும் இதே சென்சாரில்தான் ஓடுகிறது. அண்ணன் கொஞ்ச நாளாகவே விடியக்காலையில் தானாக மேனுவலில் போட்டு ரூமைக் காப்பாற்றி வந்திருக்கிறார். அவர் ஷிப்டில் இல்லாத நாட்களில்தான் மைனஸ் 18 வரை ஏறியிருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார். தரக்கட்டுப்பாட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன். மைனஸ் 18 வந்த நாட்களைக் குறித்துக்கொண்டு பெட்டிகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

புது பாக்ஸ் வாங்கச் சொல்லி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாட்டும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கீழக்கரை இன்ஸ்ட்ருமென்ட்

நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி. அந்த ஆப்பரேட்டர் பேரை உங்க ரிப்போர்ட்ல எழுதுங்க, அவர் இல்லன்னா சரக்குப் போயிருக்கும். மத்த ஷிப்ட்காரங்களுக்கும் இன்னிக்கே சொல்லிடுங்க, பாக்ஸ் மாத்துற வரைக்கும் விடியக்காலையில ரூம் மேனுவல்ல, கைத்தெர்மாமீட்டர் பாத்து ஓடட்டும்.

கேபிளைக் கீழ்ப்பக்கத்துலேருந்து ஏத்துங்க. பாக்ஸுக்கு முன்னால ஒரு வளைவு தாழ விட்டா தண்ணி அங்கயே சொட்டிடும். கேபிள் நுழையுற ஓட்டையை இறுக்கி அடைக்கிற டபுள் கம்ப்ரஷன் கிளாண்டு போடுங்க, பயன்படாத ஓட்டைக்குப் பிளக் போடுங்க. வயர் முனையில வெள்ளீயம் பூசின ஃபெரூல் (சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்துங்க. பழைய கேபிளோட ஈரம் ஏறின நுனியை, உள்ள செம்பு பளிச்சுனு தெரியுற இடம் வரைக்கும் வெட்டிட்டு மாட்டுங்க. சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போட்டு, மாத்தின தேதியை மூடியில எழுதுங்க. வேலை முடிஞ்சதும் மறுபடி விடியக்காலையில ரெசிஸ்டர் வச்சுப் பாருங்க, பகல்ல பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்.

மத்த ரூம் பாக்ஸும் அதே ஆள் அதே நாள்ல மாட்டினதாத்தான் இருக்கும், அதையும் திறந்து பாருங்க. பழைய டெர்மினலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு கவர்ல போட்டு வைங்க, மீதி பாக்ஸுக்குக் காசு கேக்குறப்ப மேனேஜர் மேஜையில வைக்கலாம்.